குளிரில் நிரம்பி, வெயிலில் பொங்கிய தொட்டி: காற்றில்லாக் கழிவுநீர் நிலையம் ஒன்றின் இரண்டு குளிர்காலங்கள்

இது நான் கூட இருந்து பார்த்த நிகழ்வு. இடத்தையும் ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி விட்டிருக்கிறேன், அளவுகள் நிலையத்தின் பதிவேட்டில் உள்ளவை, படிக்க எளிதாகச் சற்றே தோராயமாக்கியிருக்கிறேன். தவறான முடிவு ஒன்றை நாங்கள் நல்ல எண்ணத்தோடு எடுத்தோம், அதில் என் பங்கும் உண்டு. அதே முடிவை வேறு இடங்களிலும் எடுக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

சுமார் 900 பேர் வாழும் ஒரு குடியிருப்பு, உயரமான பகுதி. கோடை இதமாக இருக்கும், குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர் நாளொன்றுக்கு சுமார் 90 கன மீட்டர். அதைச் சுத்திகரிக்க யூ.ஏ.எஸ்.பி. தொட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள், அதாவது காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கழிவைச் செரித்து மீத்தேன் வாயுவாக்கும் தொட்டி. கழிவுநீர் அடியிலிருந்து உள்ளே போய், கசடுப் படுகை வழியாக மெல்ல மேலேறி, மேலே உள்ள பிரிப்பானில் வாயு ஒரு பக்கம், கசடு ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம் என்று பிரிந்து போகும் அமைப்பு. காற்று ஊத வேண்டாம், மின்சாரச் செலவு மிகக் குறைவு, கசடும் கொஞ்சமாகத்தான் சேரும். அங்கிருந்து வெளியேறும் நீர் நாணல் நட்ட சரளைப் படுகைக்குப் போகிறது.

இந்த முறை 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் கட்சே லெட்டிங்காவும் அவருடைய குழுவும் உருவாக்கியது. முதலில் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு. வீட்டுக் கழிவுநீருக்கு இது பெயர் வாங்கியது கொலம்பியாவின் காலி, இந்தியாவின் கான்பூர் போன்ற வெப்பமான ஊர்களில்தான், அங்கெல்லாம் 1980களிலேயே செய்து காட்டிவிட்டார்கள். எங்கள் நிலையத்தின் வடிவமைப்பும் அந்த வழியில் வந்தது: 30 கன மீட்டர் தொட்டி, 4.5 மீட்டர் உயரம், நீர் தங்கும் நேரம் 8 மணி, நீர் மேலேறும் வேகம் மணிக்கு 0.56 மீட்டர். வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட நீர் வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸ். குளிர்காலத்தில் எவ்வளவுக்கு இறங்கும் என்ற வரி அந்த அறிக்கையில் இல்லை.

தொடங்கிய பின் ஆறு மாதம் நன்றாக ஓடியது. உள்ளே வரும் நீரின் சி.ஓ.டி. (கரிம அழுக்கை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன், அழுக்கின் அளவுகோல்) லிட்டருக்கு 550 மில்லிகிராம், வெளியே 165. அதாவது 70 சதவீதம் நீங்கியது. கலங்கல் திடப்பொருள் (நீரில் கரையாமல் கலந்திருக்கும் துகள்கள்) 250 மில்லிகிராமிலிருந்து 60க்கு இறங்கியது. வாயு நாளொன்றுக்கு 7 கன மீட்டர். மாதம் ஒருமுறை கொஞ்சம் கசடை எடுப்பார்கள், அவ்வளவுதான் வேலை. நான் மாதம் இருமுறை போய்ப் பார்ப்பேன், தினசரி வேலையை அங்கேயே இருந்த, தொட்டியை இயக்கும் பணியாளரான இயக்குநர் ஒருவர் பார்த்துக்கொண்டார்.

முதல் குளிர்காலத்தில் பார்த்தவை

உள்ளே வரும் நீரின் வெப்பநிலை ஆறு வாரத்தில் 24லிருந்து 13 டிகிரிக்கு இறங்கியது. முதலில் கண்ணில் பட்டது வாயு அளவிதான். ஏழு, ஐந்து, மூன்று என்று இறங்கி, பிறகு சில நாட்களில் ஒரு கன மீட்டர்கூடத் தேறவில்லை. இயக்குநர் எனக்கு போன் செய்து, “சார், மீட்டர் பழுதா, குழாயில் கசிவா, எதுவென்று தெரியவில்லை” என்றார். சோப்பு நீர் விட்டுப் பார்த்தோம், கசிவு எங்கும் இல்லை. மீட்டரைக் கழற்றிச் சோதித்தோம், அதுவும் சரியாகவே இருந்தது.

அடுத்த சந்தேகம், தொட்டி புளித்துவிட்டதோ என்பது. காற்றில்லாத் தொட்டி கெடும்போது பெரும்பாலும் நடப்பது அதுதான்: மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிரிகள் பின்தங்கும், கரிம அமிலங்கள் தேங்கும், பி.எச். இறங்கும். சுண்ணாம்பு போடலாம் என்று குடியிருப்பின் பராமரிப்புக் குழுவில் ஒருவர் சொன்னார், மூட்டைகூட வந்துவிட்டது. அளந்து பார்த்தால் பி.எச். 7.1, கரிம அமிலங்கள் லிட்டருக்கு 40 மில்லிகிராம். கோடையில் அது 30. ஏறக்குறைய மாற்றமே இல்லை. சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் அந்த 40 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்ததில்தான் சறுக்கினோம். அமிலம் தேங்கவில்லை, பி.எச். நன்றாக இருக்கிறது, ஆகவே தொட்டி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது, குளிரால் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று பதிவேட்டில் எழுதிவைத்தேன். வெளியேறும் நீரின் சி.ஓ.டி. 280க்கு ஏறியிருந்தது, கலங்கல் திடப்பொருள் 110. இரண்டையும் பார்த்தோம், குளிர்காலத்துக்கு இது எதிர்பார்த்ததுதானே என்று விட்டுவிட்டோம்.

இன்னொரு எண் பதிவேட்டில் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. கோடையில் உள்ளே வரும் அம்மோனியம் நைட்ரஜன் லிட்டருக்கு 38 மில்லிகிராம், வெளியே போகும்போது 46. புரதம் உடைந்து அம்மோனியம் வெளிவருவதால் அப்படி ஏறுவது இயல்பு. குளிர்காலத்தில் உள்ளே 38, வெளியே 40. அதாவது புரதம் ஏறக்குறைய உடையவே இல்லை. திடப்பொருள் வந்து படுகையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, செரிக்கவில்லை என்று அந்த ஒரு வரி சொல்லிக்கொண்டிருந்தது.

நாங்கள் எடுத்த முடிவு, எடுத்த காரணம்

கசடு எடுப்பதை நிறுத்தினோம். காரணம் கேட்டால் நியாயமாகவே படும். குளிரில் நுண்ணுயிரிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும், பெருகுவதும் மெதுவாக. பொதுவாக 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றின் வேலையும் பாதியாகும்போது எண்ணிக்கையை அதிகம் வைத்திருக்க வேண்டும், அப்படியிருக்க இருப்பதை ஏன் வெளியே கொட்ட வேண்டும்? பாடப்புத்தகமும் குளிரில் கசடு அதிக நாள் தங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இந்தக் காரணத்தை நானே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்புறம் சின்னச் சின்ன வேலைகள் சில. மழைநீர் இரண்டு ஆள்துளை மூடிகள் வழியாகக் கழிவுநீர்க் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது, அவற்றை மாற்றினோம். குளிர்ந்த மழைநீர் உள்ளே வந்தால் வெப்பநிலையும் இறங்கும், ஓட்டமும் கூடும், இரண்டுமே கெடுதல். தொட்டியின் மேல்பாதி தரைக்கு மேலே வெறும் கான்கிரீட்டாக நின்றது, உள்ளே வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம். அதற்குக் காப்புறை போடுவதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தோம்.

அடுத்த எட்டு வாரத்தில் கசடுப் படுகையின் மேல்மட்டம் ஏறிக்கொண்டே போய் பிரிப்பானின் அடிவிளிம்பைத் தொட்டது. குளிர்ந்த நீரில் கசடு படிவதும் மெதுவாகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 24 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு வந்தால் நீரின் பாகுத்தன்மை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அதனால் அதே துகள் படியும் வேகம் ஏறக்குறைய முக்கால் பங்காகிறது. கோடையில் கீழே இறங்கிவிடும் மெல்லிய துகள்கள் குளிரில் நீரோடு மேலேறி வெளியே போகின்றன. பிரிப்பானுக்குள் கொழுப்பும் உறைந்து தடித்த ஏடாகப் படிந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயக்குநர் அதை நீண்ட கோலால் உடைத்துவிட வேண்டியிருந்தது. கடுங்குளிரில், திறந்த வெளியில், அந்த வேலையை அவர் ஒருமுறைகூடத் தள்ளிப்போடவில்லை.

வெயில் ஏறியபோது

குளிர்காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் தானாகச் சரியாகும் என்று நாங்கள் நினைத்த மூன்று வாரங்களில்தான் நிலைமை உண்மையில் கெட்டது.

நீரின் வெப்பநிலை 13லிருந்து 19 டிகிரிக்கு ஏறியது. வாயு அளவி மறுபடி ஓட ஆரம்பித்ததும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது கோடையின் ஏழு கன மீட்டரோடு நிற்காமல் ஒன்பதைத் தொட்டது. 19 டிகிரியில் 24 டிகிரியைவிட அதிக வாயு எப்படி வரும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்ட அன்று காலையே பிரிப்பானின் மேல் கசடு கட்டி கட்டியாக மிதந்துகொண்டிருந்தது. படுகைக்குள் உருவான வாயுக் குமிழிகள் மெல்லிய கசடைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டன. வெளியேறும் நீரில் கலங்கல் திடப்பொருள் 190, சி.ஓ.டி. 330. கரிம அமிலங்கள் 150க்கு ஏறின. நடுக்குளிரில் இருந்ததைவிட எல்லாமே மோசம். நாணல் படுகையின் நுழைவுப் பக்கச் சரளை அடைத்துக்கொண்டு நீர் மேலே தேங்கி நின்றது, நாற்றம் வீடுகள்வரை போனது. குடியிருப்போர் கோபப்பட்டார்கள், கோபப்பட எல்லா நியாயமும் அவர்களிடம் இருந்தது.

அவசரத்துக்கு இரண்டு காரியம் செய்தோம். படுகையின் நடு, மேல் மட்டக் குழாய்களைத் திறந்து ஐந்து நாட்களில் நிறையக் கசடை எடுத்தோம். அடிக்குழாயைத் தொடவில்லை, அடியில் இருப்பது கனமான, பழைய, நன்றாக வேலை செய்யும் கசடு. அடுத்ததாக, நாணல் படுகையின் முதல் இரண்டு மீட்டர் சரளையைத் தோண்டிக் கழுவிப் போட்டோம். நிலைமை கட்டுக்குள் வர ஐந்து வாரம் ஆனது.

கசடைச் சோதித்ததில் தெரிந்தது

நல்லவேளையாக, கோடையில் எடுத்த கசடு மாதிரியின் சோதனைக் குறிப்புகள் இருந்தன. குளிர்காலக் கடைசியில் எடுத்த மாதிரியையும் அதே முறையில் சோதித்தோம். மூடிய குப்பியில் கசடையும், மீத்தேன் நுண்ணுயிரிகளுக்கு உணவான அசிடேட்டையும் போட்டு, வரும் வாயுவை கரியமில வாயுவை உறிஞ்சும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாக விட்டு, எவ்வளவு மீத்தேன் என்று அளக்கும் சாதாரணச் சோதனைதான். இரண்டையும் 30 டிகிரியில் வைத்து அளந்தோம்.

கோடைக் கசடின் மீத்தேன் உருவாக்கும் திறன், ஒரு கிராம் கரிமத் திடப்பொருளுக்கு நாளொன்றுக்கு 0.24 கிராம் சி.ஓ.டி. குளிர்காலக் கசடு 0.15. பார்த்தவுடன் நுண்ணுயிரிகள் செத்துவிட்டன என்றுதான் தோன்றும், குழுக் கூட்டத்தில் அப்படியே ஒருவர் சொல்லவும் செய்தார். ஆனால் தொட்டியில் மொத்தம் எவ்வளவு கசடு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோடையில் 360 கிலோ, குளிர்காலக் கடைசியில் 560 கிலோ. பெருக்கிப் பாருங்கள்: நாளொன்றுக்கு 86 கிலோ, 84 கிலோ சி.ஓ.டி. மொத்தத் திறன் குறையவே இல்லை! நுண்ணுயிரிகள் அத்தனையும் அங்கேயேதான் இருந்தன, அவற்றுக்கு நடுவே 200 கிலோ செரிக்காத குப்பை வந்து உட்கார்ந்திருந்தது.

குளிர்காலக் கசடை 13 டிகிரியிலும் வைத்து அளந்தோம், 0.035 வந்தது. குறைவுதான். ஆனாலும் 560 கிலோவுக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு கிட்டத்தட்ட 20 கிலோ சி.ஓ.டி.யை மீத்தேனாக மாற்றும் திறன் அது. நடந்துகொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை. அதாவது கடைசிப் படியில் இருக்கும் மீத்தேன் நுண்ணுயிரிகள் வேலை இல்லாமல் காத்திருந்தன. அடைப்பு முதல் படியில். திடப்பொருளும் கொழுப்பும் புரதமும் கரைந்து சிறு மூலக்கூறுகளாக உடையும் நீராற்பகுப்பு என்ற படி, குளிரில் மிக மெதுவாகிவிட்டது. முதல் படியில் உடைந்தால்தானே அமிலம் உருவாகும்? அமிலம் உருவாகாததால்தான் அமில அளவு அவ்வளவு அழகாக 40ல் நின்றது. அதை ஆரோக்கியம் என்று நான் எழுதிவைத்திருந்தேன்.

வெப்பநிலை ஏறியதும் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்திருந்த குப்பை ஒரே நேரத்தில் உடைய ஆரம்பித்தது. 19 டிகிரியில் ஒன்பது கன மீட்டர் வாயு வந்ததற்கும், அமிலம் 150க்குத் தாவியதற்கும், கசடு மிதந்ததற்கும் எல்லாவற்றுக்கும் அந்த 200 கிலோதான் காரணம். குளிர் நாட்டு செப்டிக் டேங்குகளில் வசந்த காலத்தில் கசடு பொங்குவதைப் பராமரிப்பவர்கள் நன்றாக அறிவார்கள். இது அதே கதை, பெரிய தொட்டியில்.

வாயு அளவி நின்றுபோன மர்மமும் கணக்கில் தெளிந்தது. மீத்தேன் குளிர்ந்த நீரில் அதிகம் கரையும். 10 டிகிரி நீரில் கரைவது 30 டிகிரி நீரில் கரைவதைப் போல ஒன்றரை மடங்கு. எங்கள் வாயுவின் மீத்தேன் பங்கை வைத்துப் பார்த்தால், 13 டிகிரியில் ஒவ்வொரு கன மீட்டர் நீரும் சுமார் 20 கிராம் மீத்தேனைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். 90 கன மீட்டருக்கு 1.8 கிலோ, அதாவது 2.5 கன மீட்டர் மீத்தேன், தினமும். குளிர்காலத்தில் தொட்டி உருவாக்கியதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தொட்டி மீத்தேன் உருவாக்கிக்கொண்டுதான் இருந்தது, அத்தனையும் நீரோடு போய் வழிந்தோடும் விளிம்பில் காற்றில் கலந்துகொண்டிருந்தது.

கசடு தங்கும் நாட்கள்: கணக்கின் மையம்

கசடு எடுப்பதை நிறுத்தியது ஏன் உதவவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கசடு எத்தனை நாள் தங்குகிறது என்பதை நாம் திறக்கும் வால்வு மட்டும் தீர்மானிப்பதில்லை. தொட்டி கொள்ளும் கசடின் அளவை, தினமும் செரிக்காமல் சேரும் திடப்பொருளின் அளவால் வகுத்தால் வருவதுதான் அது.

எங்கள் படுகையில் தினமும் பிடிபடும் கரிமத் திடப்பொருள் சுமார் 13.5 கிலோ. கோடையில் அதில் பாதி செரித்துவிடும், மீதி 6.75 கிலோ. படுகையின் 360 கிலோவை அதால் வகுத்தால் 53 நாள். 25 டிகிரியில் சுமார் 30 நாள் போதும் என்பதால் கோடையில் தாராளம். குளிரில் 15 சதவீதம்தான் செரிக்கிறது என்று வைத்துக்கொண்டால் சேர்வது 11.5 கிலோ, தங்கும் காலம் 31 நாள். ஆனால் 15 டிகிரியில் தேவைப்படுவதோ 75 முதல் 100 நாள். குளிர் வந்தால் தேவை மூன்று மடங்காகிறது, அதே குளிர் கையிருப்பைப் பாதியாக்கிவிடுகிறது. வால்வை மூடிவைத்தாலும் தொட்டி நிரம்பியதும் மிச்சம் மேல்வழியாகத் தானே வெளியேறிவிடும். நாங்கள் எடுக்காத கசடு வெளியேறும் நீரில் போனது, பிறகு நாணல் படுகையில் போய் அடைத்தது.

பார்த்த வழிகள்

முதலில் எல்லோரும் கேட்டது, நீரைச் சூடாக்கினால் என்ன என்பதே. ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 மெகாஜூல் வேண்டும், 13லிருந்து 30க்கு ஏற்ற 71 மெகாஜூல். அதே ஒரு கன மீட்டரில் உள்ள 550 கிராம் சி.ஓ.டி. ஒரு துளி மிச்சமில்லாமல் மீத்தேனாக மாறினாலும் கிடைப்பது 0.19 கன மீட்டர், அதை எரித்தால் 7 மெகாஜூலுக்கும் கொஞ்சம் குறைவு. ஒன்றரை டிகிரி சூடேறும். வீட்டுக் கழிவுநீர் அவ்வளவு நீர்த்தது, தன் வாயுவால் தன்னைச் சூடாக்கிக்கொள்ள அதனால் முடியாது. அந்த யோசனையை அன்றே விட்டோம்.

தொட்டியைப் பெரிதாக்கி நீர் தங்கும் நேரத்தை 8 மணியிலிருந்து 20 மணியாக்கலாம். பலன் தரும், ஆனால் இன்னொரு தொட்டிக்கு இடம் இல்லை. தரைக்கு மேலே நிற்கும் தொட்டியில் நீர் அதிக நேரம் தங்கினால் அதிகம் ஆறும் என்பதும் உண்டு.

மூன்றாவது வழி, படுகையிலிருந்து கசடை எடுத்து சூடான சிறு தொட்டியில் செரிக்கவைத்து மறுபடி படுகைக்கே அனுப்புவது. ஆய்வுகளில் நல்ல பெயர் உள்ள முறை. தினமும் பம்பு ஓட்டி, அளவு பார்த்து நடத்த வேண்டும். ஒரே ஓர் இயக்குநரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

கடைசியில் தேர்ந்தெடுத்தது எளிமையானது. திடப்பொருள்தான் தொல்லை என்றால் அதைப் படுகைக்கு விடாமல் முன்னாலேயே பிடித்துவிடுவது. குடியிருப்பில் பயன்படாமல் கிடந்த 12 கன மீட்டர் பழைய செப்டிக் டேங்க் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, தடுப்பு வைத்து, படிவுத் தொட்டியாக்கினோம். அங்கே படியும் கசடு நாளொன்றுக்கு அரை கன மீட்டருக்கும் குறைவு. அதை மட்டும் 10 கன மீட்டர் செரிமானத் தொட்டியில் 35 டிகிரியில் வைப்பது. 90 கன மீட்டரைச் சூடாக்க முடியாதுதான், அரை கன மீட்டரைச் சூடாக்க முடியும்: நல்ல காப்புறை இருந்தால் அதில் வரும் வாயுவே பெரும்பாலான நாட்களுக்குப் போதும் என்று கணக்கு சொன்னது. இனி யூ.ஏ.எஸ்.பி. படுகையில் தினமும் சேர்வது நான்கு கிலோ சொச்சம், தங்கும் காலம் 80 நாளைத் தாண்டும்.

இரண்டாவது குளிர்காலம்

வேலையைக் கோடையிலேயே முடித்தோம். செரிமானத் தொட்டிக்கு விதையாக யூ.ஏ.எஸ்.பி. கசடையே எடுத்துப்போட்டு, வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். மேல்பாதிக் கான்கிரீட்டுக்குக் காப்புறை போட்டதில் ஒன்றரை டிகிரி இழப்பு அரை டிகிரியானது.

தொடக்கத்தில் ஒரு தடங்கல். படிவுத் தொட்டியின் கசடை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருந்தும், விடுமுறை ஒன்றில் எட்டு நாள் எடுக்காமல் விட்டுவிட்டோம். அது கோடை இறுதி, நீர் இன்னும் 22 டிகிரி. கசடு அங்கேயே நொதித்து மிதந்து, ஒரு கட்டி கசடு நேராக யூ.ஏ.எஸ்.பி.க்குள் போனது. அதன் பிறகு எடுக்கும் நாளை நாட்காட்டியில் குறித்து, மாற்று ஆள் ஒருவருக்கும் பழக்கிவிட்டோம்.

குளிர் வந்தது, நீர் மறுபடி 13 டிகிரிக்கு இறங்கியது. இந்த முறை பதிவேட்டின் முதல் பக்கத்தில் வாயு அளவை எழுதவில்லை. படுகையின் உயரம், கசடில் கரிமப் பங்கு, அம்மோனியம் உள்ளே வெளியே, இந்த மூன்றும் வாரம் ஒருமுறை. செரிக்காத குப்பை சேர்ந்தால் கரிமப் பங்கு ஏறும்: கோடையில் அது 62 சதவீதம், முதல் குளிர்காலக் கடைசியில் 76 வரை போயிருந்தது. இந்த முறை 66ஐத் தாண்டவில்லை. படிவுத் தொட்டியையும் சேர்த்துப் பார்த்தால் வெளியேறும் நீரின் சி.ஓ.டி. 210, கலங்கல் திடப்பொருள் 55. படுகையில் கசடு 380 கிலோ, திறன் 0.22.

கரைந்த நிலையில் இருக்கும் சி.ஓ.டி. மட்டும் முதல் குளிர்காலத்தைவிடப் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேம்பாடு முழுவதும் திடப்பொருளைச் சமாளித்ததால் வந்தது. 13 டிகிரியில் எட்டு மணி நேரத்தில் அதற்கு மேல் இந்தத் தொட்டியிடம் எதிர்பார்க்க முடியாது, மிச்சத்தை நாணல் படுகைதான் பார்த்துக்கொண்டது.

குளிர்காலம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, நீர் இன்னும் 14 டிகிரியில் இருக்கையில், மேல்மட்டக் குழாயில் கொஞ்சம் கசடை எடுத்தோம். வெப்பநிலை 19க்கு ஏறிய வாரங்களில் இயக்குநர் தினமும் காலையில் பிரிப்பானைப் பார்த்து எனக்குப் படம் அனுப்பினார். கட்டிகள் இல்லை. யூ.ஏ.எஸ்.பி. வாயு அதிகபட்சம் 4 கன மீட்டர், அமிலம் 60. அந்த வசந்தத்தில் குடியிருப்போரிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

மறுபடி செய்வதானால்

வடிவமைப்புக்கு வெப்பநிலை எடுக்கும்போது ஆண்டுச் சராசரியை எடுக்க மாட்டேன். மிகக் குளிர்ந்த இரண்டு மாதங்களில் குழாயில் வரும் நீரை நேராக அளந்து அதை எடுப்பேன். காற்றின் வெப்பநிலையும் உதவாது, குழாயில் வரும் நீர் பெரும்பாலும் அதைவிடச் சூடாகவே இருக்கும், இரவில் ஓட்டம் குறைந்தால் ஆறும், மழைநீர் புகுந்தால் இன்னும் இறங்கும்.

பி.எச்., அமிலம் இரண்டையும் அளப்பேன், ஆனால் அவை நன்றாக இருப்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க மாட்டேன். வீட்டுக் கழிவுநீரில் புளிப்பது அபூர்வம், நிரம்புவதுதான் வழக்கம். படுகையின் உயரத்தை அளக்கத் தேவை மாதிரிக் குழாய்களும் ஒரு கண்ணாடி உருளையும்தான், அதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

கசடு எடுப்பதைக் குளிரில் நிறுத்த மாட்டேன். அடியில் இருப்பதை விட்டுவிட்டு மேலே உள்ள மெல்லிய கசடைச் சிறிது சிறிதாக எடுப்பேன், கடைசியாக ஒருமுறை வெயில் ஏறுவதற்கு முன்பே.

நீரில் கரைந்து போகும் மீத்தேனுக்கு நாங்கள் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல சுமார் 27 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. மின்சாரம் மிச்சம் என்று சொல்லித்தான் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம், அந்த லாபத்தை வழிந்தோடும் விளிம்பில் இழந்துகொண்டிருக்கிறோம். விளிம்பை மூடி, அங்கே வெளிவரும் காற்றை மட்கு நிரப்பிய படுகை வழியாக விட்டு, மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களிடம் ஒப்படைக்கலாம் என்று வரைபடம் போட்டிருக்கிறோம். குளிரில் அந்தப் படுகையும் மெதுவாகும் என்பதால் அதைக் காப்புறை போட்ட செரிமானத் தொட்டியின் சுவரை ஒட்டி வைக்க இடம் அளந்துவிட்டோம். மூடி வார்ப்பு அடுத்த கோடையில்.